வலது காதில் சொன்னது

சங்குக்காரர் என்ற பெயரை வாலு முதன்முதலில் கேட்டது அடுப்படியில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே விஷயத்தைக் கொட்டிவிடுகிற மனுஷர், வாசலில் நின்றபடியே சொன்னார்.

"நம்ம பெரியவளுக்கு ஒரு இடம் வந்திருக்கு அண்ணி. மில்லுல சங்கு ஊதுற பையன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஊருக்கே சங்கு ஊதுறவனா? நல்ல இடமாத்தான் பார்த்திருக்கீங்க."

"அட, அந்தச் சங்கு இல்ல. காலைல வேலைக்கு ஆளைக் கூப்பிடுதே, அந்தச் சங்கு. பாய்லர்ல வேலை. எல்லாரும் சங்குக்காரர்னுதான் கூப்பிடுவாங்க. தங்கமான பையன்."

வாலு அப்போது சிறுமி. அக்காவின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு திரிந்ததால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். பெயருக்கு ஏற்ற வாயும் இருந்தது. "அந்தச் சத்தத்துல நின்னா அவருக்குக் காது கேக்குமா சித்தப்பா?" என்று கேட்டாள்.

சித்தப்பா அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். குனிந்தபடியே சொன்னார்: "ஒரு காது நல்லாவே கேக்கும்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். காரணம் இருந்தது. அக்கா பேசுவது பக்கத்தில் இருப்பவர்களுக்கே சரியாகக் கேட்காது. கோபம் வந்தால் இன்னும் தணிந்துபோகிற குரல் அவளுக்கு. "இவளுக்கு அரைக் குரல், அவனுக்கு அரைக் காது. குடும்பம் நடந்த மாதிரிதான்," என்றாள் அம்மா. அக்கா வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டே வாலுவின் பக்கம் குனிந்து முணுமுணுத்தாள்: "எந்தக் காதுன்னு கேளுடி."

கேட்காதது வலது காது. பாய்லர் அறையில் அவர் நிற்கிற இடத்துக்கு வலது கைப்பக்கமாகத்தான் சங்கின் குழாய் மேலே போனது. ஆவி போதுமான அளவு ஏறிவிட்டதா என்று முள்ளைப் பார்ப்பார், வலது கையால் சங்கிலியைப் பிடித்து இழுப்பார், ஊர் எழுந்திருக்கும். காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று ஆரம்பத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. சொன்னபோது அந்தக் காது ஏற்கெனவே கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. அதனால் அவருக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. காதில் விழாததற்கெல்லாம் "சரி" என்பார். மேஸ்திரி திட்டினாலும் சரி, கூட வேலை செய்கிறவன் குடும்பக் கதை சொன்னாலும் சரி. அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டே மில்லில் நல்ல பெயர் எடுத்தவர்.

கல்யாணமான புதிதில் அக்காவிடமும் அதே வித்தைதான். அவள் வலது பக்கம் நின்று எது பேசினாலும் சரி, சரி, சரி. அக்கா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் வேண்டுமென்றே அந்தப் பக்கம் போய் நின்று, "நாளையிலேர்ந்து நீங்களே சமைக்கிறீங்களா?" என்று கேட்டாள். "சரி" என்றார். மறுநாள் அடுப்பு பற்றவில்லை. அக்கா போர்வைக்குள் கிடந்தாள்.

"உடம்பு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீங்கதானே சமைக்கிறேன்னு சரி சொன்னீங்க."

அன்று அவர் வடித்த சோறு ஒரு பக்கம் கூழாகவும் ஒரு பக்கம் அரிசியாகவும் இருந்ததாம். இரண்டு பேரும் மிச்சம் வைக்காமல் தின்றார்கள். அன்றைக்கே அக்கா வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டாள். சரி என்று சொல்லிவிட்டால் செய்தே ஆகவேண்டும். காதில் விழுந்து சொன்னாலும், விழாமல் சொன்னாலும்.

சட்டம் போட்டவள் இரக்கமும் பட்டாள். அதன்பிறகு அவருடைய இடது பக்கத்துக்கு மாறிவிட்டாள். சாப்பிடும்போது, நடக்கும்போது, பஸ்ஸில், படுக்கையில், எங்கேயும் இடது பக்கம். ரோட்டைத் தாண்டும்போது மட்டும் சட்டென்று வலது பக்கம் வந்துவிடுவாள். அந்தப் பக்கத்து ஹாரன் அவருக்குக் கேட்காதே. தாண்டியதும் மறுபடி இடது பக்கம். தெரியாதவர்கள் பார்த்தால் அவரைச் சுற்றிச் சுற்றி வருகிறாள் என்றுதான் நினைப்பார்கள். அவள் குரலுக்கு அவர் குனியவேண்டும், அவர் காதுக்கு அவள் ஒட்டவேண்டும். "நரைச்ச பிறகும் ஒட்டிக்கிட்டே திரியுதுங்க பாரு," என்று தெருவில் கேலி பேசினார்கள். எப்போதாவது தப்பிப்போய் அவள் வலது பக்கம் மாட்டிக்கொண்டால், விலாவில் விரலால் ஒரு குத்து. அவர் தலையைத் திருப்பி நல்ல காதைக் கொடுப்பார். சண்டை போடுவதற்குக்கூட அவர்கள் நெருங்கி உட்கார வேண்டியிருந்தது. எட்ட நின்று கத்திக்கொள்கிற வசதி அந்த வீட்டில் கிடையாது.

இப்படியே காலம் ஓடியது. ஒரே மகள் பிறந்து, வளர்ந்து, வேறு ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டாள். மில்லில் சங்கை எடுத்துவிட்டு மின்சார மணி வைத்தார்கள். அவரும் வேலையிலிருந்து நின்றார். பிறகு அக்கா படுத்தாள். இருதயம் களைத்துவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். வாலு தன் வீட்டை மருமகளிடம் விட்டுவிட்டு வந்து கூடவே இருந்தாள். மழை விட்ட ஒரு மத்தியானத்தில் அக்கா போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் சங்குக்காரர் விசித்திரமாக நடக்க ஆரம்பித்தார். மூக்குப்பொடி டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டார். அக்கா ஆயுசு முழுக்கக் கெஞ்சியும் விடாத பொடி. சொந்தத் தம்பியோடு பேச்சு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது; ஒரு காலையில் அவன் வீட்டு வாசலில் போய் நின்று, "டீ இருக்கா?" என்று கேட்டார். தம்பி மனைவி பயந்தே போனாளாம். ஒழுகுகிற குழாயை மாற்றினார். கிறீச்சிட்ட கதவுக்கு எண்ணெய் போட்டார். பெயின்ட் டப்பாவில் அக்கா வைத்திருந்த ரோஜா என்றைக்கோ பட்டுப்போயிருந்தது; அந்தக் குச்சிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினார். ஆனால் வீட்டை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கமாட்டேன் என்றுவிட்டார். மகள் வந்து கூப்பிட்டால், "இங்க எனக்கு வேலை இருக்கு" என்பார். என்ன வேலை என்றால் செடிக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விடுவார்.

இந்த நிலையில்தான் கடைத்தெருவைத் தாண்டும்போது ஒரு வேன் அவரை உரசித் தள்ளிவிட்டது. முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. டீக்கடைக்காரர் மகளுக்குப் போன் போட்டார்.

"ஹாரன் அடிச்சுக்கிட்டேதான் வந்தான்மா. இவர் பாட்டுக்குப் போறார். வலது பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல. அந்தப் பக்கம் யாரோ கூட வர்ற மாதிரி நடக்கிறார்."

மகள் உடனே வாலுவைக் கூப்பிட்டாள். "சித்தி, அடுத்த தடவை உரசலோட நிக்காது. நீங்க போய்ப் பேசுங்க."

"உங்க அப்பா யார் பேச்சைக் கேட்டார், என் பேச்சைக் கேக்க?"

"அம்மா பேச்சைக் கேப்பார். கடைசில பக்கத்துல இருந்தது நீங்கதானே. என்கூட வந்து இருக்கச் சொல்லி அம்மா சொல்லிட்டுப் போனதா ஒரு வார்த்தை போட்டுவைங்க."

"பொய் சொல்லச் சொல்ற."

"அம்மாவுக்கு மூச்சு இருந்திருந்தா அதைத்தான் சொல்லியிருப்பாங்க. பாதிப் பொய்தான் சித்தி."

வாலு மறுநாளே பஸ் ஏறினாள். அந்தப் பாதிப் பொய்யை வழியெல்லாம் வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டு போனாள்.

சங்குக்காரர் முன்னறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "வா வாலு. முழங்கால் எப்படி இருக்கு?"

"இருக்கு. நடக்கத்தான் மாட்டேங்குது. உங்க முழங்கை?"

"வேன்காரன்கிட்ட கொஞ்சம் கொடுத்துட்டு வந்தேன். உக்காரு, டீ போடறேன்."

"நீங்க போடுற டீயைக் குடிக்கவா அவ்வளவு தூரம் வந்தேன்?"

"உங்க அக்காகிட்ட வாயை விட்டு மாட்டிக் கத்துக்கிட்ட டீ. பயப்படாமக் குடி."

அவர் உள்ளே போனதும் வாலு சுற்றிப் பார்த்தாள். அக்காவின் மூக்குக்கண்ணாடி ஜன்னல் கட்டையில் இருந்தது. தூசி இல்லை, தினமும் துடைக்கிற கண்ணாடி. உள்ளறைக் கட்டிலில் வலது பாதி மெத்தை பள்ளமாகிக் கிடந்தது. இடது பாதியின் விரிப்பு கசங்கவே இல்லை. சோப்புப் பெட்டியில் அக்காவின் சோப்பு வெடித்து, காய்ந்து, அப்படியே இருந்தது.

டீயோடு வந்து அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். வாலு மறதியாக அவருடைய வலது பக்கம் உட்காரப்போய், நினைவு வந்து, எழுந்து சுற்றி வந்து இடது பக்கம் உட்கார்ந்தாள். பெஞ்சில் அந்தப் பக்கம் அகலமாக இடம் விட்டிருந்தது. அவள் உட்கார்ந்ததும் அவர் தலை தானாக இந்தப் பக்கம் சாய்ந்தது. சாய்ந்த பிறகுதான் யார் என்று நினைவு வந்தவர்போல நிமிர்ந்துகொண்டார். வாலு பார்த்தும் பார்க்காததுபோல டீயை ஊதினாள்.

"அத்தான், ஊரே பேசுது. பொடியை விட்டீங்க. தம்பி வீட்டுக்குப் போனீங்க. செத்த குச்சிக்குத் தண்ணி ஊத்துறீங்க. பெத்த மக கூப்பிட்டா மட்டும் அசைய மாட்டேங்கிறீங்க. என்னதான் நினைச்சுக்கிட்டிருக்கீங்க?"

அவர் டம்ளரை உள்ளங்கைக்குள் வைத்து உருட்டினார். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்கவும் பயமா இருக்கு."

"என்கிட்ட என்ன பயம்?"

"கடைசியா அன்னிக்கு விரிப்பு மாத்தினோமே. நான் பின்னால உக்காந்து அவளைத் தாங்கிப் பிடிச்சேன். நீ முன்னால நின்னு பழைய விரிப்பை உருவின. அவ தலை என் வலது தோள்ல இருந்தது. அப்ப என்னமோ சொன்னா. கன்னத்துல காத்து பட்டது தெரிஞ்சுது. வார்த்தை விழல." டம்ளரை மறுபடி உருட்டினார். "நான் சரின்னு சொல்லிட்டேன்."

வாலு டம்ளரை வாயிலிருந்து எடுத்தாள்.

"அப்புறம் அவ வாயே திறக்கல. எதுக்குச் சரி சொன்னேன்னு எனக்குத் தெரியாது வாலு. பொடியை விடச் சொன்னாளா, தம்பியோட சேரச் சொன்னாளா, செடியைப் பார்த்துக்கச் சொன்னாளா. தோணுறதை ஒவ்வொண்ணா செஞ்சுக்கிட்டு வர்றேன். எதுன்னு தெரியாதப்ப எல்லாத்தையும்தானே செய்யணும். வீட்டை விட்டுட்டுப் போயிடாதீங்கன்னு சொல்லியிருந்தா? அதனாலதான் மக வீட்டுக்குப் போகல. சரின்னு சொன்னா செஞ்சே ஆகணும். அவ போட்ட சட்டம்."

அப்போதுதான் வாலுவுக்கு விளங்கியது. விரிப்பு மாற்றிய பிறகு, அக்காவின் மூச்சு நிற்கும்வரை, அந்த மனுஷர் கட்டிலோரம் மண்டி போட்டு இடது காதை அவள் வாயருகே வைத்தபடியே இருந்தார். மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் இன்னொரு தடவை சொல்வாளா என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இத்தனை நாள் ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேட்டா, கடைசி நேரத்துலயும் காது கேக்காமலே தலையாட்டி அவளை ஏமாத்திட்டேன்னு வெளிய வந்துடுமே."

பாதிப் பொய் வாலுவின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. மகள் வீட்டுக்குப் போகச் சொன்னாள் என்று ஒரு வரி. இப்போதே பெட்டியைக் கட்டிவிடுவார். வேனும் இல்லை, பயமும் இல்லை. அவர் தரையைப் பார்த்தபடி இடது காதை அவள் பக்கம் கொடுத்துக் காத்திருந்தார். கட்டிலோரம் காத்திருந்த அதே சாய்வு. அது அக்காவின் இடம். அதற்குள் பொய்யைப் போட வாலுவுக்கு மனசு வரவில்லை.

"எனக்குக் கேட்டுது அத்தான். 'அந்தப் பக்கம் திரும்புங்க'ன்னு சொன்னா."

"என்ன?"

"அவ்வளவுதான் சொன்னா. 'அந்தப் பக்கம் திரும்புங்க.' தலையணையைத்தான் சொல்றான்னு நான் இருந்துட்டேன். இப்பத்தான் புரியுது. உங்க விலாவுல குத்த அவளுக்குத் தெம்பு இல்ல. வாயால சொல்லிப் பார்த்திருக்கா."

"நான் திரும்பல."

"திரும்பல. சரி மட்டும் சொன்னீங்க. அதுலயே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவ முகத்தை நீங்க பார்க்கல, எதிர்ல நின்ன நான் பார்த்தேன். உதட்டை ஓரமா இழுத்துக்கிட்டா. நீங்க கேக்காம சரி சொல்றப்பல்லாம் ஒரு சிரிப்பு சிரிப்பா பாருங்க, அந்தச் சிரிப்பு. நீங்களும் ஏமாத்தல, அவளும் ஏமாறல."

சங்குக்காரர் சிரித்தார். வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. வாலு டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப, சொல்ல வந்தது அதுக்கு அப்புறம்தான்," என்றார்.

"ஆமா."

"அது என்னன்னு…"

"அது யாருக்கும் தெரியாது அத்தான்."

அவர் ஜன்னல் கட்டையில் இருந்த கண்ணாடியைப் பார்த்தார். "பெரிசா ஒண்ணும் இருந்திருக்காது. டீ ஆறுதுன்னு சொல்லியிருப்பா. எதுவா இருந்தா என்ன. அந்தக் குரல் இன்னொரு தடவை காதுல விழுந்திருக்கும். டீ ஆறுதுன்னாலும் போதும் எனக்கு."

வாலு மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தாள்.

"வீட்டை விட்டுப் போகாதீங்கன்னு சொல்லல, இல்ல?" என்று கேட்டார்.

"சொல்லல."

"போங்கன்னும் சொல்லல."

"அதுவும் சொல்லல. அது உங்க பாடு."

சாயங்காலம் வாலுவை பஸ் ஏற்றக் கூடவே வந்தார். கடைத்தெருவில் ரோட்டைத் தாண்டுவதற்குக் காலை எடுத்து வைத்தார். வாலு முழங்காலை இழுத்துக்கொண்டு சுற்றிப்போய் அவருடைய வலது பக்கம் நின்றாள். அவர் நின்று அவளைப் பார்த்தார்.

"உங்க அக்கா இவ்வளவு மெதுவா சுத்தமாட்டா," என்றார்.

"அவளுக்கு முழங்கால் நல்லாயிருந்துச்சு. நடங்க."

தாண்டி முடித்ததும் தன் இடது கைப்பக்கத்தைக் காட்டிச் சொன்னார்: "இந்தப் பக்கம் வெறிச்சுனு இருக்கு வாலு. மகளுக்குப் போன் போடு. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு. செடியையும் எடுத்துக்குவேன், மறக்காமச் சொல்லு."

செடி இன்னும் துளிர்க்கவில்லை. தண்ணீர் ஊற்றுகிறார். மருமகன் முதலில் கட்டிலை இடது பக்கச் சுவரோடு போட்டிருந்தாராம். மகள் அதை வலது பக்கச் சுவருக்குத் தள்ளிவிட்டு, இடது பக்கம் ஒரு நாற்காலி போட்டாள். சங்குக்காரர் இப்போது அங்கேதான் இருக்கிறார், மகள் வீட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே, படியேறியதும் முதல் அறையில்.