எல்ஷுக்கு ஒதுக்கிய ஆறு நாள்

ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து பதினாறு வருடங்களில் நாங்கள் ஐரோப்பாவில் பாதியைச் சுற்றிவிட்டோம் என்று சொன்னால் பொய்யில்லை. பாரிஸ் ஏழு தரம், லண்டன் நாலு தரம், சூரிச்சுக்குக் கணக்கே இல்லை. ஆனால் பாரிசில் அந்த இரும்புக் கோபுரத்தை நான் கார் யன்னலுக்குள்ளால்தான் கண்டேன். அதுவும், தாலிகட்டு நேரம் போகுது என்று என் கணவர் சிவப்பு விளக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற இரண்டு நிமிடம். லண்டனில் நான் பார்த்தவை மூன்று கல்யாண மண்டபங்களும் ஒரு செத்தவீடும். எங்கே வெளிக்கிட்டாலும் பெட்டிக்குள் ஒரு பட்டுச்சீலை இருக்கும். போய் இறங்கினால் யாராவது வாசலில் நின்று, "ஏன் இவ்வளவு சுணக்கம்?" என்று கேட்பார்கள். இதைத்தான் பயணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பைக் கெடுத்தவள் ஒரு ஜேர்மன்காரி. நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தேன். என் பக்கத்து மேசையில் நின்று உருளைக்கிழங்கு உரிப்பவள் அவள். ஒவ்வொரு கோடையிலும் கணவனோடு காரில் சுவீடனுக்குப் போய்விடுவாள். காரின் பின்பக்கத்தில் ஒரு மிருகத்தின் படம் ஒட்டியிருப்பாள். இந்த ஊரில் பல கார்களில் அந்தப் படத்தைக் கண்டிருக்கிறேன். ஏதோ கார்க் கம்பனியின் சின்னம் என்று வெகுகாலமாக நம்பியிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை அவள் புகைப்படங்கள் கொண்டுவந்தாள். ஏரிக்கரையில் சிவப்பு மரக்குடில் ஒன்று. அதன் முற்றத்தில் அதே மிருகம் உயிரோடு நின்றது. மரையைப் போலத்தான், ஆனால் மரையை மேலேயும் பக்கவாட்டிலும் பிடித்து இழுத்துவிட்ட மாதிரி. மூக்கு மட்டும் இன்னும் பெரிய வேறொரு மிருகத்துக்காகச் செய்து வைத்ததுபோல இருந்தது. அதற்கு எல்ஷ் என்று பெயர் என்றாள்.

"இது யாருடையது?" என்று கேட்டேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஒருவருடையதும் இல்லை. அது பாட்டுக்கு வந்தது. அது பாட்டுக்குப் போனது."

எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்குத் தெரிந்த காட்டுமிருகம் கீரிப்பிள்ளை. வன்னிக் காட்டை ஒருமுறை கடந்திருக்கிறேன். ஆனால் அது சண்டைக்குத் தப்பி ஓடிய பயணம், மிருகம் பார்க்கிற பயணமில்லை. உழவு மெஷின் இழுத்த பெட்டிக்குள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். காட்டைக் காடென்று நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை நாற்பத்தொரு வயதில், உருளைக்கிழங்குத் தோலுக்கு நடுவே நின்றுகொண்டு எனக்கு வந்தது. கூடவே இன்னொரு ஆசையும் வந்தது. ஒருவரும் காத்திராத ஓர் இடத்துக்கு ஒரு தடவையாவது போக வேண்டும்.

வீட்டில் சொன்னேன். பதினொரு வயது மகள் கதிரையில் ஏறிக் குதித்தாள். கணவர் தாடையைத் தடவிக்கொண்டு, "அங்க ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப எங்க படுக்கிறது?"

நல்ல மனிதர், ஆனால் இப்படித்தான் கேட்பார். சமையலறைத் தோழி குடில்காரருக்குத் தானே போன் எடுத்து, ஆகஸ்டில் எங்களுக்கு இடம் பிடித்துத் தந்தாள். எனக்குக் கிடைத்த ஊர்லாப், அதாவது வேலை விடுமுறை, பத்து நாள். போக இரண்டு, வர இரண்டு, நடுவில் ஆறு நாளும் குடிலில். மகள் கணக்குக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துப் பத்துக் கட்டம் போட்டாள். ஆறு கட்டத்தில் ஆறு எல்ஷ் வரைந்து குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள். ஒவ்வொன்றுக்கும் கொம்பு வேறு வேறு மாதிரி இருந்தது.

அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டில் திருவிழாதான். சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரித்தபடியே கிடந்தது. நாங்கள் சோற்றுத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். மகள் நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தைப் பார்த்து, எல்ஷ் விடியலிலும் பொழுதுபடும்போதும்தான் வெளியே வரும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தாள். நுளம்பு கடிக்கும் என்று தோழி சொன்னதும் கணவர் மூன்று நுளம்புவலை வாங்கிவந்தார். அவள் இரவல் தந்த தூரக்கண்ணாடியை அவர் பல்கனியில் நின்று பரீட்சித்துப் பார்த்தார். எதிர்வீட்டுக் கிழவி என்ன பத்திரிகை வாசிக்கிறா என்று வந்து எனக்கு அறிக்கை தந்தார். சோறு வடிக்கும் மின்சாரப் பானையைக் கொண்டுபோவதா வேண்டாமா என்று இரண்டு நாள் சண்டை பிடித்தோம். கொண்டுபோவதென்று முடிவாயிற்று. இந்தச் சண்டைகூட எனக்கு இனித்தது.

பிறகு அவர் அந்தப் பிழையை விட்டார்.

ஹனோவர் பக்கம் றோட்டு வேலை நடக்கிறதா என்று கேட்க, அங்கே இருக்கும் தன் தம்பிக்கு ஒரு போன் எடுத்தார். அவ்வளவுதான் செய்தார். தெருவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது. அடுத்த நாளே தம்பி திருப்பி எடுத்தார்.

"அண்ணை, எங்கட வாசலாலை போய்க்கொண்டு இறங்காமல் போவியளோ? ஒரு இரவு நிண்டுதான் போகோணும்."

"ஓம், ஓம்," என்றார் இவர். மகள் முதல் எல்ஷை அழித்தாள்.

இரண்டாம் நாள் ஹம்பேர்க்கிலிருந்து இவருடைய பெரியப்பாவின் மகன் எடுத்தார். ஹனோவரில் நின்றுவிட்டு ஹம்பேர்க்கைத் தாண்டிப் போனால் பிறகு முகத்தில் முழிக்க மாட்டாராம். அங்கேயும் ஓர் இரவு. இன்னொரு எல்ஷ் போனது. போகும்போது நின்றுவிட்டு வரும்போது நிற்காமல் வரலாமா என்ற கேள்வியும் எழுந்தது. அதற்கும் ஒன்று.

மூன்றாவது அழைப்பு டென்மார்க்கிலிருந்து. எடுத்தது என் மச்சாள், இவருடைய அக்கா. தாய் இல்லாத வீட்டில் இவரைத் தூக்கி வளர்த்தவ. அவவுக்கு இவர் "ஏலாது" என்று சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. போதாததற்கு அவ இருப்பது டென்மார்க்கின் வடக்கு முனையில், சுவீடனுக்குக் கப்பல் போகிற அதே துறைமுக ஊரில். அவ வீட்டு வாசலைக் கடந்துதான் நாங்கள் கப்பலேற வேண்டும்.

"ஒண்டரை நாளாவது நிண்டு போங்கோ," என்று அவ சொன்னது தொலைபேசிக்கு வெளியேயும் கேட்டது. "சனிக்கிழமை இஞ்ச ஒரு பிள்ளை பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கினம். அவளை நல்ல சீலையாக் கொண்டுவரச் சொல்லு."

"ஓம் அக்கா," என்றார் இவர்.

மகள் அழிறப்பரோடு குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் கனநேரம் நின்றாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, எல்ஷுக்கு ஒண்டரை நாள்தான் மிச்சம்."

அரை எல்ஷை எப்படி வரைவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்பக்கத்தை மட்டும் விட்டு வைத்திருந்தாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. வாய்க்கு வந்தபடி பேசினேன். "உங்கட ஆக்களைப் பாக்கிறதுக்கு நான் தூரக்கண்ணாடி கொண்டுபோகத் தேவையில்லை," என்றேன். சாமத்தியவீட்டுக்குப் போகிற பெட்டிக்குள் நுளம்புவலை எதற்கு என்று கேட்டேன். அவர் கையைப் பிசைந்துகொண்டு இருந்தார். கடைசியில், "அக்காவுக்கு என்னண்டு சொல்லுறது? நீரே சொல்லும்," என்றார். என் வாயை அடைக்கத்தான் அப்படிச் சொன்னார். வீட்டுக்கு மருமகளாக வந்தவள் கணவனின் மூத்த சகோதரிக்குப் போன் எடுத்து உங்கள் வீட்டுக்கு வரமாட்டோம் என்று சொல்வது எங்கள் ஆட்களிடையே நடக்கிற காரியமில்லை. சொன்னால் பத்து வருடத்துக்கு அந்தக் கதை ஓடும்.

நான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேத்தண்ணி போட்டுக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன்.

முதலில் ஹனோவர். தம்பியின் மனைவி எடுத்தாள். இந்த முறை நிற்க மாட்டோம் என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, "உண்மையைச் சொன்னா அக்கா, அண்டைக்கு எனக்கும் வேலை. அவர்தான் கூப்பிடாட்டி மரியாதை இல்லையெண்டு கூப்பிட்டவர்," என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். ஹம்பேர்க் கொஞ்சம் முறைத்தது. "நீங்கள் பெரிய ஆக்கள், மிருகம் பாக்கப் போறியள்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். பரவாயில்லை. ஒரு தீபாவளிக்குள் சரியாகிவிடும்.

பிறகு டென்மார்க். இலக்கங்களை இரண்டு தரம் பிழையாக அமுக்கியதை ஒளிக்காமல் சொல்கிறேன். கணவர் எழுந்து பல்கனிக்குப் போய்விட்டார். மகள் போகவில்லை.

"மச்சாள், நாங்கள் உங்கட ஊரிலைதான் கப்பல் ஏறுவம். ஆனா இந்த முறை வீட்டை வரேல்லை. சாமத்தியவீட்டுக்கும் நிக்க ஏலாது. எங்களுக்கு ஆறு நாள்தான் இருக்கு. அந்த ஆறு நாளும் காட்டிலை நிக்கப்போறம்."

சொல்லிவிட்டேன். அவ வாயைத் திறந்தால் என்ன பதில் சொல்வது, அதற்கு அவ என்ன சொல்லுவா, அதற்கு நான் என்ன சொல்வது என்று எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன்.

"என்ன மிருகம், பிள்ளை?" என்றா.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. தடுமாறிக்கொண்டு சொல்லத் தொடங்கினேன். அதன் உயரம், அதன் மூக்கு, ஏரிக்குள் இறங்கி நின்று தண்ணீருக்கு அடியில் இருக்கிற புல்லைத் தின்னும் என்று மகள் வாசித்துக் காட்டியது எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே உசார் ஏறிவிட்டது. அவ "ம்" கொட்டிக்கொண்டிருந்தா.

"அந்தக் கப்பலை நான் பதினெட்டு வருசமாப் பாக்கிறன்," என்றா பிறகு. அவ துறைமுகத்தில் மீன் வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை செய்தவ. "நான் நிக்கிற மேசைக்கு நேரை யன்னல். ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு தரம் போகும். ஒருநாளும் ஏறினதில்லை."

"ஏன் மச்சாள்?"

"அங்கால எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

பிறகு அவ கேட்டா, மிகவும் மெல்ல, ஒரு சின்னப் பெண் கடையில் கேட்கிற மாதிரி.

"பிள்ளை, கார்ல இடம் இருக்கே?"

முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அதையும் மறைக்கவில்லை. சொந்தக்காரர் இல்லாத ஆறு நாளுக்காக இவ்வளவு சண்டை பிடித்தவள் நான். ஆனால் அந்தக் குரல் என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த மனுசியை ஒவ்வொரு கல்யாணத்திலும் பந்திக்குப் பின்னால் வாளியோடுதான் கண்டிருக்கிறேன். அவ எதையாவது ஆசைப்பட்டுக் கேட்டு நான் கேட்டதேயில்லை. கேட்பா என்று நினைத்ததும் இல்லை.

"இருக்கு," என்றேன். "அப்ப சாமத்தியவீடு?"

"அதுக்கு நானூறு பேர் போவினம். நான் இல்லாட்டி ஆருக்குத் தெரியப்போகுது?"

"அண்ணையும் வாறாரோ?" என்று அவவின் கணவரைப் பற்றிக் கேட்டேன்.

"அவரோ? கோயிலுக்குக் கூப்பிட்டாலே முழங்கால் நோகுது எண்டுவார். ஆறு நாளைக்கும் சமைச்சுப் பிரிச்சுப் பிரிச்சு ஃபிரிட்ஜிலை வைச்சிட்டு வாறன். சூடாக்கிச் சாப்பிடட்டும். ஆனா ஒண்டு சொல்லிப்போட்டன், அங்க வந்து நான் சமைக்கமாட்டன். பாணும் பட்டரும் திண்டுகொண்டு இருப்பம்."

நான் சிரித்த சிரிப்பில் பல்கனியிலிருந்து கணவர் ஓடி வந்தார். என்ன நடந்தது என்று சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா அப்பிடிக் கேட்டவவோ?" என்று மூன்று முறை கேட்டார். மகள் ஏற்கனவே பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எல்ஷ் கண்டீர்களா என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். நாலு கண்டோம், அதில் ஒன்று குட்டி. நுளம்பு கடித்ததையும் சேர்த்து அதை ஒரு நாள் முழுக்கச் சொல்லலாம். ஆனால் அந்தப் பயணம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கப்பல் வெளிக்கிட்ட நேரம்தான். மேல்தட்டில் எல்லோரும் பின்பக்கம் போய் ஊரைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணையும் கீழே நின்று கை காட்டினார். மச்சாள் ஒருமுறை திரும்பிக் காட்டிவிட்டு முன்பக்கம் போனா. காற்று தலைமுடியை இழுத்துக்கொண்டு போனது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கரை தெரியாத பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"இறங்கிற இடத்திலை ஒருத்தரும் வந்து நிக்கமாட்டினம், என்ன?" என்று கேட்டா.

"ஒருத்தரும் வரமாட்டினம், மச்சாள்."

"நல்லது," என்றா.