பர்வீன் அக்கா மேல் நான் போட்ட பழி

மாமல்லபுரம் கடற்கரையோரம் ஒரு தங்கும் விடுதிக்கு, அறை பதிவு செய்யும் இணையதளம் செய்து கொடுத்தேன். அதை எழுதிய பிஎச்பி என்ற நிரல்மொழி எனக்கு வீடியோ பார்த்து வந்த வித்தைதான். சனிக்கிழமை கூட்டம் வந்தாலே தளம் படுத்துவிடும். முதலாளி போனில் கத்தியபோது வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல விண்டோ நெறைய தொறந்து வெக்கிறாங்க சார்."

அங்கே கணினியில் உட்காருபவர் பர்வீன் அக்கா ஒருவர்தான்.

அதற்குப் பிறகு வந்த மூன்றாவது சனிக்கிழமை நேரிலேயே போனேன். "இன்னொரு வாட்டி நின்னுச்சின்னா வூட்லயே இருந்துக்கம்மா" என்று முதலாளி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா திரையை என் பக்கம் திருப்பினார்.

"நீ சொன்னதுலேர்ந்து ஒண்ணே ஒண்ணுதான் தம்பி தொறக்கறேன். வேற இன்னா தப்பு பண்றேன், சொல்லு. மாத்திக்கறேன்."

நான் எழுதிய நிரலைத் திறந்து பார்த்தேன். பொதுவாக, தளத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் திறக்கும் தரவுத்தள இணைப்பு, வேலை முடிந்ததும் தானே மூடிக்கொள்ளும். வேகமாக இருக்கட்டுமே என்று, நான்தான் அதை மூடாமல் பிடித்துவைக்கும்படி எழுதியிருந்தேன். கூட்டம் ஏற ஏற பழைய இணைப்புகள் சேர்ந்து, புதிதாக வருகிறவருக்கு இடமே இல்லை.

சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்றுதான் கை போனது. அக்கா என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"தப்பு என்னோடதுக்கா" என்றேன், முதலாளி காதில் விழும்படி.

அக்கா கோபப்படவில்லை. "கம்ப்யூட்டர் தெரிஞ்ச புள்ள சொல்லுதேன்னு, நான்தான் எங்கியோ கெடுக்கறேன்னு நானே நம்பிட்டேன் தம்பி" என்றார்.

நிரலில் திருத்த வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. அக்கா தன்னையே சந்தேகப்பட்ட அந்த மூன்று வாரத்தை என்ன செய்து திருத்துவதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.