லியனார்ட் தண்ணீர் ஊற்ற விடவில்லை

என் தங்கச்சி யூஜினாவைக் கட்டியவன் லியனார்ட். திம்புள்ளப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி டிரைவர். மேல் டிவிசன் மலையிலிருந்து ஃபெக்டரிக்குக் கொழுந்து இறக்குவதுதான் அவன் வேலை. ஆனால் எங்கள் வரிசைவீட்டு லயத்துப் பெண்களிடம் அவனைப் பற்றிக் கேட்டால் கொழுந்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது, பிரசவத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். மேல் டிவிசனுக்கு ஆம்புலன்ஸ் ஏறி வராது. ரோடு அப்படி. தேர்தலுக்குத் தேர்தல் ஒருத்தன் வந்து போட்டுத் தருகிறேன் என்பான், நாங்களும் வெட்கங்கெட்டுக் கை தட்டுவோம். அதனால் எவளுக்கு இடுப்புவலி எடுத்தாலும் லியனார்டின் லொறிதான். கொழுந்துச் சாக்குகளை அடுக்கி, மேலே கம்பளியை விரித்து, லொறிப் பெட்டியை மூடும் படங்குத் துணியை இழுத்துக் கட்டி, ஆடாமல் அசையாமல் கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவான்.

சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரன். வாயும் அதே அளவுக்கு. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, "எவ்வளவு பேர ஏத்தியிருக்கேன், என் லொறியில ஒரு புள்ள பொறந்திருக்கா? ஆஸ்பத்திரி வாசலத் தொடாம எவளையும் நான் பெக்க விட்டதில்ல" என்பான்.

"ஆனைக்கும் அடி சறுக்கும் மாப்ள" என்பேன் நான்.

"ஆன லொறி ஓட்டாது மச்சான்" என்பான். அவனிடம் பேசி ஜெயிக்க முடியாது.

இத்தனை பேரின் பிள்ளைகளைச் சுமந்தவனுக்குத் தன் பிள்ளை மட்டும் வரவில்லை. கல்யாணமாகி வருசக்கணக்காயிற்று. யூஜினாவுக்கு இரண்டு தடவை தங்கிக் கலைந்துவிட்டது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பெண்கள் அவனைத் தேற்றுவார்கள். அவன் சிரித்துக்கொண்டு லொறியை ஸ்டார்ட் பண்ணுவான். அப்புறம் மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் தனியாக உட்கார்ந்து அழுததை நானே பார்த்திருக்கிறேன். பார்க்காதது மாதிரி வந்துவிட்டேன், வேறென்ன செய்ய.

மூன்றாவது தங்கியது. தங்கிய நாளிலிருந்து ஆள் ஆளாக இல்லை. அவளைத் தண்ணீர்க்குடம் தூக்க விடமாட்டான், அடுப்பு ஊத விடமாட்டான். துணி துவைக்கிற ஆம்பளை என்று தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் பெண்கள் கேலி பண்ணினார்கள். "பண்ணுங்கடி, ஒங்க புருசன்மார அனுப்புங்க, சொல்லிக் குடுக்குறேன்" என்று துவைத்துக்கொண்டே இருந்தான்.

கார்த்திகை மழை அந்த வருசம் மழையாகப் பெய்யவில்லை, வானம் பிய்த்துக்கொண்டு விழுந்தது. ஃபெக்டரிக்குப் போகிற ரோட்டில் பெரிய வளைவை மலை அப்படியே மூடிவிட்டது. மறுநாள் விடிந்ததும் யூஜினாவுக்கு வலி. நாள் இன்னும் இருந்தது. ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சேர்க்க நாள் குறித்து வைத்திருந்தார்கள், பிள்ளைக்கு அந்த நாள் பிடிக்கவில்லை போல.

லியனார்ட் போன் போட்டான். மிட்வைஃப் ஷிராணி மிஸ்ஸி ஆம்புலன்சைக் கூட்டிக்கொண்டு மண்சரிவுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பதாகச் சொன்னார். சரிவுவரைக்கும் லொறி, அதற்கு மேல் தேயிலைக்குள் ஏறி, சரிவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்க வேண்டும். வேறு வழியே கிடையாது.

சரிவு வந்ததும் லொறிப் படங்கைக் கழற்றி விரித்து அவளைப் படுக்க வைத்தோம். நாலு மூலைக்கு நாலு பேர்: நான், லியனார்ட், மாயாண்டி, பக்கத்து லயத்துத் திலக்ஷன். கூட ராக்காயி அக்கா. லயத்தில் அவசரத்துக்குப் பிள்ளை எடுத்துப் பழகியவர். மடியில் புது பிளேடும் நூலும் வைத்திருந்தார். அவருக்கும் பின்னால் எங்கள் உபதேசியார் செபமாலை. கோயிலில் செபம் சொல்லித் தருகிற பெரியவர், நடக்கவே மூச்சு வாங்கும். நீங்கள் ஏன் வருகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவர் கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது.

அந்தப் போத்தலைப் பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் வேதக்காரர்களிடம் ஒரு வழக்கம். தோட்டத்துக் கோயிலுக்கு ஃபாதர் எப்போதாவதுதான் வருவார். பிறந்த பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தால், அவர் வரும்வரை காத்திருக்காமல் உபதேசியாரே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார். ஞானஸ்நானம் இல்லாமல் பிள்ளை போய்விடக் கூடாது என்பதற்காக. எனக்கு முன்னால் அம்மாவுக்குப் பிறந்ததற்கும் அப்படித்தான் ஊற்றினார்கள். ஊற்றிய பிள்ளை எதுவும் தங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. தங்காததற்குத்தானே ஊற்றுகிறார்கள்! ஆனால் எங்கள் லயத்தில் அது தலைகீழாகிப் போய், உபதேசியார் போத்தலைத் தூக்கினால் பிள்ளை போய்விடும் என்றே பேச்சு. மனுசன் கெட்டவர் இல்லை. பாவம், அவர் தலையெழுத்து.

வழுக்கல் என்றால் அப்படி ஒரு வழுக்கல். ஒரு கையால் தேயிலைக் கொப்பைப் பிடித்து, ஒரு கையால் படங்கைப் பிடித்து ஏறினோம். யூஜினா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கும்போது கத்தினாள்.

"அண்ணே, வைங்க! கீழ வைங்க, வந்துருச்சு!"

"கொஞ்சம் பொறுத்துக்க யூஜி, அந்தா தெரியுது பாரு ஆம்புலன்ஸ்" என்றான் லியனார்ட். எங்கே தெரிந்தது? பனியில் அடுத்த நிரைத் தேயிலையே தெரியவில்லை.

"நீ என்ன பொறுக்கச் சொல்ற, புள்ள பொறுக்கணுமே! வைங்கடா கீழ" என்று ராக்காயி அக்கா அதட்டினார். வைத்தோம். ஆண்கள் நாங்கள் முதுகைக் காட்டி நின்று கம்பளியை மழைக்கு மறைவாகப் பிடித்தோம். லியனார்ட் மட்டும் திரும்பவில்லை. அவள் தலைமாட்டில் மண்டியிட்டு, தன் கையை அவள் கடிக்கக் கொடுத்தான்.

பிள்ளை பிறந்தது. எங்களுக்குத் தெரிந்தது சத்தத்தால் அல்ல, சத்தம் இல்லாததால். அக்கா தலைகீழாகப் பிடித்துத் தட்டுகிறார், வாயைத் துடைக்கிறார், உள்ளங்காலைத் தேய்க்கிறார். ஒன்றுமில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. நீலம் பாரித்து, என் ஒரு கைக்குள் அடங்குகிற அளவுக்கு ஒரு உடம்பு.

"பொம்பளப் புள்ள" என்றார் அக்கா. "உசிரு இருக்கு. நெஞ்சு லேசா அடிக்குது. ஆனா அழமாட்டேங்குது தம்பி."

லியனார்ட் போனைக் காதில் வைத்திருந்தான். அந்தப் பக்கம் ஷிராணி மிஸ்ஸி கத்துவது எனக்கே கேட்டது. "துடைச்சிட்டு ஒங்க நெஞ்சோட வைங்க, வெறும் ஒடம்போட! மூடுங்க! ஈரம் படக்கூடாது, சூடு போயிறக் கூடாது, ஓடி வாங்க..." அதோடு போன் செத்துவிட்டது.

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றவில்லை, பிய்த்தான். தொப்புள்கொடியை வெட்டியதும் அக்கா சேலை முந்தியால் துடைத்துக் கொடுத்த பிள்ளையை வாங்கி உள்ளே வைத்து, மேலே கம்பளியைச் சுற்றினான். அப்போதுதான் உபதேசியார் கிட்ட வந்தார். போத்தல் மூடியைத் திறந்துவிட்டார்.

"மகனே, தலைய மட்டும் காட்டு. ஒரு நிமிசம்."

"தள்ளுங்க."

"புள்ள போகப்போகுதுடா. வெறுமனே அனுப்பாத. பாவம்டா அது."

"ஈரம் படக்கூடாதுன்னு மிஸ்ஸி சொல்றாங்க, நீங்க பச்சத் தண்ணிய ஊத்த வாறீங்க! குளிருதுய்யா புள்ளைக்கு! இருக்குற சூடும் போயிரும்!"

கீழே இருந்து யூஜினா அவன் காற்சட்டையைப் பிடித்தாள். அவளுக்குக் குரலே இல்லை. "ஏங்க... ஊத்த விடுங்க. முன்னாடி ரெண்டும் பேரில்லாமப் போச்சு. இவளாச்சும் மாதாகிட்ட பேரோட போகட்டும்."

கடவுளே, அந்த வார்த்தையை நான் எந்தக் காதால் கேட்டேன்! பெற்றவளே அனுப்பிவைக்கத் துணிந்துவிட்டாள். எனக்கும் நம்பிக்கை விட்டுப்போயிற்று. "மாப்ள, அவ கேக்குறாளேடா. ரெண்டு சொட்டுத்தானே, ஊத்த விடு" என்றேன்.

லியனார்ட் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"இவ எங்கயும் போகல" என்றான் அவளிடம். "யூஜி, நான் சொல்றேன், இவ போகல." சொல்லிவிட்டு ஓடினான்.

அந்த ஓட்டத்தை எப்படிச் சொல்ல? இரண்டு கையும் நெஞ்சில். விழுந்தால் கை ஊன்ற முடியாது. ஒரு இடத்தில் சறுக்கியபோது முன்னால் விழாமல், வேண்டுமென்றே பின்னால் சாய்ந்து, முதுகு கிழியத் தேயிலைக்குள் விழுந்து எழுந்து ஓடினான். பின்னால் உபதேசியார். நடக்க முடியாத அந்த மனுசன் எப்படி ஓடினாரோ தெரியாது. "டேய் லியனார்ட், நில்லுடா! ஆண்டவருக்குக் கணக்குச் சொல்லணும்டா நானு!" என்று போத்தலைத் தூக்கிப் பிடித்தபடி. வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

லியனார்டின் மூலையை ராக்காயி அக்கா பிடித்துக்கொண்டார். நஞ்சுக்கொடி விழுந்துவிட்டது, உதிரம் அடங்குது, தாய்க்குப் பயமில்லை என்றார். நாங்களும் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

"அண்ணே, அழுதாளா?" என்று யூஜினா கேட்டாள்.

"இப்ப அழுவா."

"ஊத்துனாங்களா?"

மாதாவே, மாதாவே என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டு நடந்தேன். வேறு செபம் ஒன்றும் வாயில் வரவில்லை.

திடீரென்று முன்னால் லியனார்ட் நின்றுவிட்டான்.

எங்களுக்கு முதுகைக் காட்டி, நடுப்பாதையில், அசையாமல். ஓடி வந்த உபதேசியாரும் இரண்டடி தள்ளி நின்றுவிட்டார். அவர் கிட்டப் போகவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். அம்மாவின் பிள்ளையைப் புதைத்த தேயிலை மலையில் இன்னொரு குழி வெட்ட வேண்டும், அதை நான்தான் வெட்ட வேண்டும் என்றுகூட நினைத்துவிட்டேன். மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏன் நிக்கிறாரு?" என்று யூஜினா கேட்டாள். "அண்ணே, அவரு ஏன் நிக்கிறாரு?"

லியனார்ட் திரும்பினான். முகம் பைத்தியக்காரன் முகம்.

"மச்சான், சுடுது!"

"என்னடா?"

"வயித்துல சுடுது மச்சான்! இவ்வளவு நேரம் எல்லாம் குளிருதான், இப்ப சுடச்சுட எறங்குது... பெஞ்சிட்டா! எம்மேல மூத்திரம் பெஞ்சிட்டாடா!"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. "செத்த புள்ள இப்படி பெய்யாதுடா, ஓடு, ஓடு!" என்று ராக்காயி அக்கா கத்தினார். அவன் ஓடினான். வளைவு திரும்பியதும் பனிக்குள் ஆம்புலன்சின் விளக்கு சிவப்பாகத் தெரிந்தது. ஷிராணி மிஸ்ஸி சேற்றில் முழங்கால்வரை இறங்கி வந்து கையை நீட்டினார். அவன் கொடுக்கவில்லை.

"எடுத்தா குளிரும் மிஸ்ஸி."

"நீங்களும் வாங்க, அப்படியே ஏறுங்க" என்று அவனையே பிடித்து உள்ளே தள்ளினார். கதவு மூடிக்கொண்டது.

நாங்கள் படங்கோடு கீழே வந்து சேர்ந்தபோது அந்தக் கதவு இன்னும் சாத்தித்தான் இருந்தது. மழை தகரத்தில் அடிப்பது மட்டும் கேட்டது. யூஜினா என் விரலை நசுக்கிக்கொண்டு கிடந்தாள். உபதேசியார் திறந்த போத்தலோடு ஆம்புலன்சின் பின்பக்கம் நின்றார். உள்ளே போகவும் இல்லை, விலகவும் இல்லை. உதடு மட்டும் அசைந்தது.

உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் பூனை முனகுவது மாதிரி. பிறகு கொஞ்சம் நின்றது. பிறகு வீறிட்டுக்கொண்டு, கோபத்தோடு, மலையெல்லாம் கேட்க அழுதாள் என் மருமகள்.

யூஜினா என் விரலை விட்டாள். மாயாண்டியும் திலக்ஷனும் நடுரோட்டில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். உபதேசியார் ரோட்டோரத் தண்ணீர்க் கான் கட்டில் தொப்பென்று உட்கார்ந்தார். சிலுவை அடையாளம் போட்டார். அப்புறம் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார், அண்ணாந்து, அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அவரே குடித்தார்.