சுரேஷுக்கு என்னைத் தெரியாதாம்

புதிய வேலையில் இன்று முதல் நாள். ஹட்டனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீட்டில் இருந்தபடியே கொழும்புக் கம்பனியின் புரொஜெக்டை லெப்டொப்பில் திறந்தேன். ஆறு மொடியூல்கள். எல்லாவற்றிலும் சிவப்புப் பிழைக் கோடுகள்.

ஒன்லைன் மீட்டிங்கில் எனக்கு உதவ வந்தவன் சுரேஷ். இதே லயத்தில் பக்கத்து வீட்டுக்காரன், என் வகுப்பில் படித்தவன், இப்போது கொழும்பில் இருக்கிறான். சந்தோஷத்தில் தமிழிலேயே கேட்டேன்.

"சுரேஷ், எத முதல்ல பில்ட் பண்ணணும்டா?"

"பொது மொடியூலைச் செய்யுங்கள், மிஸ். மற்றவை அதைச் சார்ந்தே இருக்கின்றன" என்றான் ஆங்கிலத்தில்.

செய்தேன். சிவப்பு மறைந்தது.

டீம் லீடர் சிரித்தார். "இருவரும் முன்பே தெரிந்தவர்களா?"

"இல்லை சேர். நான் கண்டி. இவர் ஏதோ தோட்டத்துப் பக்கம்."

நான் அவனிடம் சிபாரிசு கேட்கவில்லை. தெரியும் என்று ஒரு சொல் போதும். பிறந்த லயத்தை மறைத்தால்தான் கொழும்பில் நாற்காலி கிடைக்குமென்றால், அந்த நாற்காலியை உடைத்து அடுப்பில் வைக்கலாம்.

மைக்கை மூடினேன். நிமிர்ந்தால், கொழுந்தை நிறுவைக்குக் கொடுத்துவிட்டு வந்த அவன் அம்மா வாசலில் நிற்கிறார்.

"புள்ள, அது எங்க சுரேஷ் குரல்தானே? என்னமா இங்கிலீசு பேசுறான்! என்ன சொல்றான்?"

"உங்களத்தான் விசாரிக்கிறான், பெரியம்மா."

"கேப்பானே, எம்புள்ள!"

மைக்கைத் திறந்து, "நீங்களே பேசுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மழுப்பாமல் சொல்லுங்கள்.