ஆடிக் காற்றில் நான் அம்பயர்

பழனிசெட்டிபட்டியில் இப்போது மண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் பூத்தொட்டிக்குள்தான் பார்க்க வேண்டும். தேனியோடு ஒட்டிக்கொண்டு ஊர் அப்படிப் பெருத்துவிட்டது. வீட்டுக்கொரு கார், காருக்கொரு சண்டை. மிச்சமிருப்பது, பிளாட் கல் ஊன்றியும் விலைபோகாத ஒரு பொட்டல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட அந்தப் பொட்டலுக்குப் பெண்பிள்ளைகளின் இரண்டு கிரிக்கெட் அணிகள் போட்டி: எங்கள் தெரு, எதிரே புதுக் காலனி. அப்பாக்கள் மாதக்கணக்கில் முறைத்துக்கொண்டதில், ஒரே மேட்ச், ஜெயிக்கிறவர்களுக்கே இடம் என்று முடிவானது.

இங்கே பேட் பிடிக்கிற அணிதான் அம்பயரும் கொடுக்க வேண்டும். திருட்டுத்தனத்துக்கு வசதியான ஏற்பாடு. எங்கள் பக்கம் வெட்கமில்லாத ஆளைத் தேடினார்கள், உடனே கிடைத்தேன். புதுத் தொப்பி வேறு வாங்கிவிட்டேன்.

கடைசி விக்கெட். ஜெயிக்க இரண்டு ரன் வேண்டும். என் மகள் அடித்துவிட்டு என்னை நோக்கி ஓடி வருகிறாள். பந்தும் வருகிறது. ஆடிக் காற்று மண்ணை வாரி என் கண்ணில் போட்டது. தொப்பி கிளம்பியது. பிடிக்கக் கையைத் தூக்கினேன். கண்ணைத் திறந்தால் ஸ்டம்ப் சாய்ந்து கிடக்கிறது, தொப்பியைக் காணோம், என் ஆள்காட்டி விரல் வானத்தைக் காட்டுகிறது.

என் கேட்டை மறித்துக் கார் நிறுத்துகிற காலனிக்காரர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்.

“சொந்த மகளுக்கே அவுட் கொடுத்தாகய்யா! மனுசன்னா இவுகதான்!”

பாராட்டு பழக்கமில்லாததால் கொஞ்ச நேரம் அனுபவித்தேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

“ஏலே, எவன் பக்கம்டா நீ?”

“அவுட்டு கொடுக்கலண்ணே, தொப்பியத்தான் பிடிச்சேன்.”

“அப்ப ஸ்டம்பச் சாச்சது பந்தா, காத்தா?”

“கண்ணுல மண்ணு, பாக்கல.”

அதுவரை ஒத்துப்போகாத இரண்டு கூட்டமும் என்னைத் திட்டுவதில் ஒன்று சேர்ந்தன. மகள் மட்டையைக் கீழே போட்டாள்.

“எல்லாரும் நிறுத்துங்க. அவுட்டுதான். பந்து ஸ்டம்புல படும்போது நான் கோட்டுக்கு வெளியதான் இருந்தேன்.”

பொட்டல் காலனிக்குப் போனது. சாயங்காலமே கார்க்காரர் வீட்டுக்கு வந்தார்.

“பிள்ளைய எங்க டீமுக்கு அனுப்புங்க. நேர்மையான பிள்ளை. நீங்க மட்டும் அங்கன வந்துராதீக.”

அவள் போய்விட்டாள். இடமிழந்த எங்கள் தெருப் பெண்கள் இப்போது என் வீட்டு வாசலில்தான் ஆடுகிறார்கள். கேட்க எனக்கு வாயில்லை. ஜன்னலில் ஒரே ஒரு கண்ணாடி பாக்கி. நன்றாகத் தேறிவிட்டார்கள், குறி தப்புவதே இல்லை.