அண்ணன் நம்பருக்கு வரும் ஓடிபி

வருமான வரிக் கணக்கு என்றால் எல்லோருக்கும் தலைவலி. எனக்கு மட்டும் ஜூலை எப்போது வரும் என்று இருக்கும். இதைச் சொன்னால் என் ஆடிட்டர் நம்பமாட்டார்.

நான் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்ப்பவள். காரைக்கால் தருமபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறைதான் அலுவலகம். பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் என்று எது வந்தாலும் செய்வேன். சென்னையில் ஒரு நிறுவனம் ஒப்பந்த அடிப்படையில் வேலை தருகிறது. மாதச் சம்பளம் கிடையாது, போனஸ் கிடையாது, தீபாவளிக்கு ஒரு இனிப்புப் பெட்டிகூடக் கிடையாது. ஆனால் வரியை மட்டும் மறக்காமல் பிடித்துக்கொண்டுதான் மீதியை அனுப்புவார்கள். பிடித்தது திரும்பி வர வேண்டுமென்றால் ஜூலையில் நான் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும்.

முதல் தடவை நானே செய்தபோது மாநிலம் என்ற இடத்தில் புதுச்சேரிக்குப் பதில் தமிழ்நாடு என்று போட்டுவிட்டேன். மூன்று பக்கமும் தமிழ்நாடு, நாலாவது பக்கம் கடல் என்று இருக்கிற ஊரில் கை தானாக அங்கேதான் போகும். ஆடிட்டர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அதையெல்லாம் திருத்திவிடலாம். கடைசியில் ஒரு படி இருக்கிறது. தாக்கல் செய்தது நான்தான் என்று ஆதார் மூலம் உறுதி செய்ய வேண்டும். அதற்கான ஓடிபி என் கைபேசிக்கு வராது. பிரான்சில் இருக்கும் என் அண்ணனுக்குப் போகும்.

ஆதார் எடுக்க நாங்கள் முகாமுக்குப் போன காலத்தில் வீட்டில் கைபேசி வைத்திருந்தது அண்ணன் மட்டும்தான். அம்மாவுக்கும் எனக்கும் அவன் நம்பரையே கொடுத்தோம். கேஸ் சிலிண்டருக்கும் அதுதான். பிறகு அவன் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து, அண்ணியோடு அங்கே போய்விட்டான். காரைக்காலில் இது அதிசயமில்லை. எங்கள் தெருவிலேயே பாதி வீடுகளுக்குப் பாரிஸ் பக்கம் ஆள் உண்டு. அம்மா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். அம்மா போன பிறகு அது மாதத்துக்கு ஒன்றாகி, பொங்கலுக்கு ஒன்றாகி, அப்புறம் அதுவும் இல்லை. சண்டை ஒன்றுமில்லை. அவன் வேலை அவனுக்கு, என் ரோஷம் எனக்கு. காரணமில்லாமல் கூப்பிட எனக்கு வாய் வராது.

ஓடிபி நல்ல காரணம். அங்கே அவனுக்கு மதியச் சாப்பாட்டு நேரம், இங்கே எனக்குக் காபி நேரம்.

"என்ன பாப்பா, கவர்மென்ட் உன்னத் தேடுதா?" என்பான்.

"ஆமாண்ணே. நீ போனைக் கையில வச்சிரு. இப்ப வரும்."

வராது. ஓடிபி கேட்கும் பொத்தானை நான் இன்னும் அழுத்தியிருக்கமாட்டேன். அழுத்தினால் மறு நிமிடமே வந்துவிடும், அவன் படித்துச் சொல்லிவிட்டு வைத்துவிடுவான். அதனால் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே பேசிக்கொண்டிருப்பேன்.

"தடைக்காலம் முடிஞ்சிடுச்சுல்ல, மீன் வருதா?"

"நேத்து கிளிஞ்சல்மேட்டுலேர்ந்து சங்கரா வந்துச்சுண்ணே. துள்ளுது."

"கொழம்பா?"

"கொழம்புதான். மாங்கா போட்டு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும். எனக்கு அது போதும். அடுத்த ஜூலை வரைக்கும் தாங்கும்.

போன வருடம் அவன் ஒன்று சொன்னான். "இந்த ஒன்னுக்குத்தான் பாப்பா நம்மூரு சிம்ம இன்னும் வச்சிருக்கேன். நீ நம்பர மாத்திக்கக் கூடாதா?" சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. சரிண்ணே என்று சொல்லிவிட்டு, பேச்சை வளர்க்காமல் பொத்தானை அழுத்தினேன்.

மறுநாளே தபால் அலுவலகத்தில் இருக்கும் ஆதார் மையத்துக்குப் போனேன். வரிசையில் நின்று, கைரேகை வைத்து, என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆடிட்டரிடம் சொன்னபோது, "இத எப்பவோ பண்ணிருக்கலாமேங்க, வேலை சுலபமாச்சு" என்றார். அவருக்கு என்ன தெரியும்?

இந்த ஜூலையில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். கைபேசி மேசைமேல் ஒரு முறை அதிர்ந்தது. எண்ணைப் போட்டேன். வெற்றிகரமாக முடிந்தது என்று பச்சை நிறத்தில் எழுத்து வந்தது. காபியில் ஆவிகூட அடங்கவில்லை, அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் குரலைக் கேட்க வேண்டும்போல இருந்தது. அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் கூப்பிடவில்லை. என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது?

மாதக் கடைசியில் ஒரு நாள், அதே காபி நேரத்தில் கைபேசி அடித்தது. அண்ணன்.

"என்ன பாப்பா, இன்னும் ஓடிபி வரலயே?"

"நான்தான் நம்பர மாத்திட்டேனே அண்ணே. நீதானே சொன்ன."

"ஓ." என்றான். "மாத்திட்டியா. தெரியாம ஒரு வாரமா சாப்பாட்டு நேரத்துல ரெண்டு போனையும் எதிர்ல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். சிம்முக்குப் பணம்கூடப் போட்டுட்டேன்."

அவன் போனை வைக்கவில்லை.

"அப்ப வேலை முடிஞ்சிடுச்சா?" என்றான்.

முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"இல்லண்ணே," என்றேன். "இன்னும் கொஞ்சம் இருக்கு. நீ லைன்லயே இரு."