சந்தேகம் செய்த மூன்றாவது தப்பு

அந்த ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் சந்தேகம். வைத்தது யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். குழாயைத் திறந்தவள், மூடினோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பாள்; பார்த்துவிட்டு வந்தவள், பார்த்தது இன்றா நேற்றா என்று யோசிப்பாள். "சந்தேகம் வந்தாச்சா?" என்று காலையில் யாராவது கேட்டால், "வந்துட்டேன்னுதான் நினைக்கிறேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வயது நாற்பத்து நான்கு.

பிறவியிலேயே அப்படி என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூடம் முடித்த கையோடு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கப் போனவள், ஒரே வருடத்தில் அந்த வரிசையிலேயே வேகமான கை என்று பேர் வாங்கினாள். மேற்பார்வையாளர் கூடத்தின் மறு கோடியில் உட்கார்ந்திருப்பார். இவள் பாட்டுக்கு இவள் தைத்துக்கொண்டிருப்பாள். தொழிற்சாலையை மூடியதும் ஆறு மாதப் பயிற்சி எடுத்து இங்கே சேர்ந்தாள். சேர்ந்த பிறகுதான் கை குழம்ப ஆரம்பித்தது. ஏன் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆய்வகத்தில் நடப்பது மாட்டுச் சதையைப் பற்றிய ஆராய்ச்சி. ஒரே தீவனத்தைத் தின்று ஒரு மாடு மொழுமொழுவென்று வளர்கிறது, இன்னொன்று எலும்பும் தோலுமாக நிற்கிறதே, ஏன்? தசை இழைகளை ஒட்டி ஸ்டெம் செல்கள் தூங்கிக்கொண்டிருக்கும். விழித்துக்கொண்டால் பெருகும், பெருகி, சேர்ந்து, இழையைப் பருக்க வைக்கும். கன்றின் செல் தொட்டால் எழுந்துவிடும். கிழட்டுப் பசுவின் செல்லை உலுக்கினாலும் எழுப்ப முடியாது. செல் கிழடாகிவிட்டது, இனி தேறாது என்பது தலைமை ஆய்வாளரின் கட்சி. மூன்று வருடமாக அந்த அம்மா அதே கட்சிதான்.

இவளுடைய வேலை செல்களுக்கு மெத்தை போடுவது. தசையில் மெல்லிய சீவல் எடுத்து, அதில் இருக்கும் செல்களையெல்லாம் கழுவிவிட்டால், குடியிருந்தவர்கள் காலி செய்த வீடு மாதிரி வெறும் சட்டகம் மிஞ்சும். அதுதான் மெத்தை. கன்றின் செல்லைக் கன்றின் மெத்தையிலும், பசுவின் செல்லைப் பசுவின் மெத்தையிலும் தனித்தனித் தட்டுகளில் விட வேண்டும். கண்ணால் பார்த்தால் இரண்டு மெத்தையும் நனைந்த காகிதம்தான், வித்தியாசம் தெரியாது. மெத்தைகளை வைத்திருக்கும் பெட்டியின் மூடியில் ஒட்டிய புள்ளியே அடையாளம்: கன்றுக்குப் பச்சை, பசுவுக்கு நீலம். "மூடியில ஒட்டுறோமே, மூடி மாறிட்டா?" என்று வந்த புதிதில் கேட்டாள். "மூடி ஏம்மா மாறப்போகுது?" என்று எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவருக்குக்கூட அது நல்ல கேள்வி என்று தோன்றவில்லை.

இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் ஏற்கெனவே வாங்கியிருந்தாள். முதலாவது, செல்களுக்கான சத்துநீரைத் தவறான தட்டில் ஊற்றியதற்கு. இரண்டாவது, ஒரு தட்டைக் கீழே போட்டதற்கு. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். முதுகு பிசகி ஒரு வருடமாக வீட்டோடு இருக்கிறார். மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம். வீடு ஓடுவது இவளை நம்பித்தான்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த வியாழக்கிழமை வந்தது. நுண்ணோக்கியில் கண் வைத்திருந்த மூத்த உதவியாளர், ஆய்வகத்தில் எல்லோருக்கும் அண்ணா, தலையைத் தூக்கி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"என்னண்ணா?"

"கிழவி ஓடுறா. கன்னுக்குட்டி தூங்குது."

பசுவின் நான்கு தட்டிலும் செல்கள் நீள நீளமாக இழை கட்டியிருந்தன. கன்றின் நான்கு தட்டிலும் ஒரு செல்கூட அசையவில்லை. ஆய்வகம் முழுக்க எல்லோர் கண்ணும் இவள் பக்கம் திரும்பியது.

"பேர் மாத்தி ஒட்டிட்டீங்களா?" என்று தலைமை ஆய்வாளர் கேட்டார்.

"இருக்கலாம் மேடம்" என்றாள் இவள். அதுதான் இவளிடம் உள்ள கோளாறு. நீதான் செய்தாயா என்று யாராவது கொஞ்சம் அழுத்திக் கேட்டால், செய்திருப்போம் என்றே இவளுக்குத் தோன்றிவிடும்.

மூன்றாவது கடிதம் தட்டச்சாகி, கையெழுத்துக்காக மேஜைமேல் உட்கார்ந்தது. ஆனால் அண்ணா விடவில்லை. "கன்னு காளை, மாடு பசு. செல்லைச் சோதிச்சா ஆணா பொண்ணான்னு தெரிஞ்சிடும். ரெண்டு நாள் பொறுங்க மேடம்." சோதித்தார்கள். பசுவின் தட்டில் இருந்தது பசுவின் செல்தான். கன்றின் தட்டில் இருந்தது கன்றின் செல்தான். பேர் மாறவில்லை.

"தப்பிச்சே போ" என்றார் அண்ணா.

தலைமை ஆய்வாளருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "ஏதோ கலந்திருக்கு. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு முதல்லேருந்து ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தட்டுகளைக் குப்பைக்குக் கொண்டுபோகுமுன் இவளுக்கு வழக்கம்போல ஒரு சந்தேகம் வந்தது. இடுக்கியால் பசுவின் தட்டில் இருந்த மெத்தையின் ஓரத்தைத் தூக்கினாள். துவண்டு விழுந்தது. பசுவின் மெத்தை துவளாது, விறைப்பாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், தினமும் அதோடு மாரடிக்கிற கைக்குத் தெரியும். கன்றின் தட்டில் இருந்ததைத் தூக்கினாள். தகடு மாதிரி நின்றது.

அப்போதுதான் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. இரண்டு பெட்டிகளையும் திறந்து, மூடிகளைப் பக்கத்தில் வைத்திருந்தாள். பின்னால் தலைமை ஆய்வாளர், மூச்சுக் காற்று தோளில் படுகிற தூரத்தில், "இன்னும் ஆகலையா?" என்றார். பதறிப்போய் மூடிகளை மூடினாள். எந்த மூடியை எதன்மேல்? பிறகு புள்ளியைப் பார்த்துத்தான் மெத்தையை எடுத்தாள்.

தட்டுகளைக் குப்பையில் போடாமல் குளிர்பெட்டியின் ஓரத்தில் ஒளித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். காபி டம்ளரை நீட்டிக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ தப்பு உன்னுது இல்லைன்னு முடிவாயிடுச்சு?" என்றார் அவர்.

"அந்தத் தப்பு என்னுது இல்ல. இது வேற தப்பு. இது என்னுதுதான்."

"யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறமென்ன? வாயைத் திறக்காதே."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் இருக்கும். இதில் குழம்ப எதுவுமே இல்லை. ஆனாலும் குழம்பினாள். கிழடு, தேறாது என்று மூன்று வருடமாகப் பேர் வாங்கிய செல், மெத்தை மாறியதும் அந்த ஓட்டம் ஓடியிருக்கிறதே! அதைப் போய்க் குப்பையில் போடுவதா? ஒரு மாட்டுச் செல்லுக்காக இப்படி மனசு கிடந்து அடித்துக்கொள்வதை நினைத்து அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் காலை தலைமை ஆய்வாளரின் அறைக்குப் போய், நின்றபடியே சொல்லிவிட்டாள். மூடி, புள்ளி, துவண்ட மெத்தை, எல்லாம். மேஜையில் அந்தக் கடிதம் இன்னும் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அவர் எழுந்தார், ஜன்னல்வரை போனார், திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அப்போ செல்லுல குறையே இல்லையா? மூணு வருஷமா நான் செல்லைத்தான் திட்டிட்டிருந்தேனா?"

"தெரியல மேடம்."

"எனக்கும் தெரியல." கடிதத்தை எடுத்தார், பேனாவைத் திறந்தார். "இதுல என்ன தப்புன்னு எழுதுறது?" என்று இவளையே கேட்டார். பிறகு பேனாவை மூடினார். "ஒரு தடவை நடந்ததை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. இதே தப்பை உங்களால மறுபடி செய்ய முடியுமா? அப்படியே, ஒண்ணுகூட மாறாம?"

இது என்ன கூத்து என்று அவளுக்குத் தோன்றியது. வாழ்நாள் முழுக்கத் தப்பு தானாக நடந்திருக்கிறது. வேண்டுமென்று செய்து பழக்கமில்லை. மேஜைமுன் உட்கார்ந்து கையுறையைப் போட்டாள். இரண்டு பெட்டிகளையும் திறந்தாள். தப்பாகச் செய்யப் போய்ச் சரியாகச் செய்துவிட்டால்? பின்னால் தலைமை ஆய்வாளர் வந்து நின்றார். மூச்சுக் காற்று தோளில் பட்டது. எடுத்த மூடியை அப்படியே கீழே வைத்தாள்.

திரும்பாமலே சொன்னாள்: "மேடம், நீங்க கொஞ்சம் வெளியே இருங்க. நீங்க பக்கத்துல நின்னா எனக்குக் கை ஓடாது."

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம். அண்ணா நுண்ணோக்கிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். பிறகு செருப்புச் சத்தம் நகர்ந்து போனது. கதவு சாத்திக்கொண்டது.

அவளுக்குக் கண் கலங்கியது. எதற்கு அழுகிறோம் என்று புரியவில்லை. முழங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, கன்றின் மெத்தையைப் பசுவுக்கும், பசுவின் மெத்தையைக் கன்றுக்கும் போட்டாள். பத்து நிமிடத்தில் எட்டுத் தட்டும் முடிந்தன. ஒன்றுகூடப் பிசகவில்லை. திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை.